ஃபோர்க்லிஃப்ட் விபத்துகள்

ஃபோர்க்லிஃப்ட் விபத்துகள் என்பவை தொழிற்சாலை, கிடங்கு, துறைமுகம், மரக்கடை, மொத்த விற்பனைக் கூடம் போன்ற பணியிடங்களில் சரக்கைத் தூக்கி நகர்த்தும் இயந்திர வண்டிகளால் ஏற்படும் விபத்துகள் ஆகும். வண்டி கவிழ்தல், நடந்து செல்பவர் மீது மோதுதல், சுவருக்கும் வண்டிக்கும் இடையே ஆள் நசுங்குதல், உயரத்தில் இருந்து ஆள் அல்லது சரக்கு விழுதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. ஃபோர்க்லிஃப்ட் பார்ப்பதற்குச் சிறியது, மெதுவாகச் செல்வது. ஆனால் அதன் எடையும் அமைப்பும் சாதாரண வாகனங்களில் இருந்து பெரிதும் வேறுபட்டவை. இந்த வேறுபாட்டை அறியாமல் காரைப் போலவோ டிராக்டரைப் போலவோ அதைக் கையாள்வதே பல உயிரிழப்புகளுக்கு அடிப்படையாக உள்ளது.

வண்டியின் அமைப்பு

ஃபோர்க்லிஃப்டைத் தமிழில் கவைத்தூக்கி எனலாம். முன்புறம் உள்ள இரண்டு இரும்புக் கரங்கள் கவை போல நீண்டிருப்பதால் இப்பெயர் பொருந்தும். இந்தக் கரங்கள் ஃபோர்க் எனப்படுகின்றன. அவை மாஸ்ட் எனப்படும் செங்குத்தான சட்டத்தில் மேலும் கீழும் நகரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உருளைகள் கரங்களை உயர்த்துகின்றன. மாஸ்ட்டை முன்னும் பின்னும் சாய்க்கின்றன. சரக்கு பெரும்பாலும் பேலட் எனப்படும் மரத்தட்டின் மேல் அடுக்கப்பட்டிருக்கும். கரங்கள் அத்தட்டின் இடைவெளிக்குள் நுழைந்து அதைத் தூக்கும்.

வண்டியின் பின்புறத்தில் கனமான வார்ப்பிரும்புத் தொகுதி ஒன்று இருக்கும். முன்னால் தூக்கப்படும் சுமையைச் சமன்செய்வது இதன் வேலை. மின்கலத்தால் இயங்கும் வண்டிகளில் மின்கலத்தின் எடையும் இதற்குத் துணைபுரிகிறது. இதனால் 2.5 டன் தூக்கக்கூடிய வண்டி ஒன்றின் சொந்த எடை ஏறத்தாழ 3.5 முதல் 4 டன் வரை இருக்கும். இது ஒரு சிறிய காரின் எடையைப் போல மூன்று மடங்கு.

பெரும்பாலான ஃபோர்க்லிஃப்டுகளில் பின்சக்கரங்களே திரும்புகின்றன. இதனால் குறுகிய இடத்திலும் வண்டியைத் திருப்ப முடிகிறது. ஆனால் வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்பகுதி வலப்பக்கம் வீசி நகரும். அருகில் நிற்பவர் வண்டியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து, தான் பாதுகாப்பாக நிற்பதாக எண்ணிக்கொண்டிருக்கும்போதே பின்பகுதி அவரை இடித்துவிடும்.

வரலாறு

அமெரிக்காவில் 1906-இல் பென்சில்வேனியா இரயில் நிறுவனம் ஆல்டூனா நகரில் பயணிகளின் மூட்டைகளை நகர்த்த மின்கலத்தால் இயங்கும் மேடை வண்டிகளைப் பயன்படுத்தியது. 1917-இல் மிச்சிகன் மாநிலத்தின் புக்கானன் நகரில் இருந்த கிளார்க் நிறுவனம் தன் தொழிற்சாலைக்குள் பொருள்களை எடுத்துச் செல்ல டிரக்டிராக்டர் என்ற வண்டியை உருவாக்கியது. அதைப் பார்த்த பிற நிறுவனங்களும் அவ்வண்டியைக் கேட்டு வாங்கின. 1923-இல் யேல் நிறுவனம் கரங்களும் உயரும் மாஸ்ட்டும் கொண்ட வண்டியை வெளியிட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது படைத்தளவாடங்களை விரைந்து ஏற்றி இறக்கும் தேவை எழுந்தது. பேலட்டும் ஃபோர்க்லிஃப்டும் இணைந்த முறை அக்காலத்தில் பரவலாயிற்று. போருக்குப் பின் கிடங்குகள் மேல்நோக்கி வளர்ந்தன. அடுக்குகளின் உயரம் கூடியது. தலைச்சுமையும் முதுகுச்சுமையும் குறைந்தது தொழிலாளருக்குப் பெரும் நன்மை. அதே நேரம் மனிதர் நடமாடும் அதே தரையில் பல டன் எடையுள்ள இயந்திரமும் ஓடும் நிலை உருவாயிற்று.

கவிழ்வதன் இயற்பியல்

ஃபோர்க்லிஃப்ட் ஏன் கவிழ்கிறது என்பதைப் பள்ளிப் பாடத்தில் வரும் நெம்புகோல் தத்துவத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சிறுவர் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்வோம். வண்டியின் முன்சக்கர அச்சே அதன் ஆதாரப்புள்ளி. அச்சுக்கு முன்னால் சுமை. பின்னால் வண்டியின் சொந்த எடை. சுமையின் எடையை அச்சில் இருந்து அதன் தொலைவால் பெருக்கினால் வருவது அதன் திருப்புத்திறன். முன்பக்கத் திருப்புத்திறன் பின்பக்கத்தை மிஞ்சும்போது பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்.

இங்கு எடையைப் போலவே தொலைவும் முக்கியம். சுமையின் ஈர்ப்பு மையம் கரங்களின் செங்குத்துப் பகுதியில் இருந்து எவ்வளவு தள்ளி உள்ளது என்பதைச் சுமை மையத் தொலைவு என்பர். ஐந்து டன்னுக்குக் குறைவாகத் தூக்கும் வண்டிகளுக்கு இது பொதுவாக 500 மிமீ எனக் கொள்ளப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு:

- வண்டியின் தகட்டில் உள்ள திறன்: 500 மிமீ தொலைவில் 2000 கிலோ.
- அச்சில் இருந்து கரத்தின் செங்குத்துப் பகுதி வரை உள்ள தூரம்: 400 மிமீ எனக் கொள்வோம்.
- அனுமதிக்கப்பட்ட திருப்புத்திறன்: 2000 × (400 + 500) = 18,00,000 கிலோ-மிமீ.
- சுமை நீளமானது; அதன் மையம் 800 மிமீ தள்ளி உள்ளது எனில், தூக்கக்கூடிய எடை: 18,00,000 ÷ (400 + 800) = 1500 கிலோ.

அதாவது, சுமையின் மையம் 30 செ.மீ. தள்ளிப்போனதும் திறனில் கால்பங்கு குறைந்துவிட்டது. "இது இரண்டு டன் வண்டி, இரண்டு டன்னும் தூக்கும்" என்ற எண்ணம் எல்லா நேரமும் சரியாகாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. இது புரிதலுக்கான எளிய கணக்கு மட்டுமே. தூக்கும் உயரம், மாஸ்ட்டின் சாய்வு, பொருத்தப்பட்ட துணைக்கருவிகள் ஆகியவையும் திறனைக் குறைக்கும். எனவே நடைமுறையில் வண்டியில் பதிக்கப்பட்ட திறன் தகட்டையே பின்பற்ற வேண்டும்.

நிலைப்பு முக்கோணம்

ஃபோர்க்லிஃப்டுக்கு நான்கு சக்கரங்கள் இருந்தாலும் அது மூன்று புள்ளிகளில் நிற்பதாகவே கொள்ள வேண்டும். பின் அச்சு அதன் நடுவில் உள்ள ஒரு முளையில் பொருத்தப்பட்டு, மேடுபள்ளத்துக்கு ஏற்ப இருபுறமும் அசையும். ஆகவே இரண்டு முன்சக்கரங்களும் பின் அச்சின் நடுமுளையும் சேர்ந்து ஒரு முக்கோணத்தை உருவாக்குகின்றன. இதுவே நிலைப்பு முக்கோணம். வண்டியும் சுமையும் சேர்ந்த ஈர்ப்பு மையத்தில் இருந்து கீழ்நோக்கி வரையும் கோடு இந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். வெளியே சென்றால் சாயத் தொடங்கும்.

இதில் இருந்து மூன்று உண்மைகள் கிடைக்கின்றன.

- சுமையை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயரும். உயர்ந்த சுமையுடன் வளைவில் திரும்பினால் சிறு சாய்வும் கோட்டை முக்கோணத்துக்கு வெளியே தள்ளிவிடும்.
- சுமை இல்லாத வண்டியின் ஈர்ப்பு மையம் பின்னோக்கி, அதாவது முக்கோணம் குறுகும் முனையை நோக்கிச் செல்கிறது. எனவே வெற்று வண்டி வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் கவிழ்வது எளிது. சுமை இல்லையே என்று வேகத்தைக் கூட்டுவது ஆபத்தானது.
- திடீரென வண்டியை நிறுத்தினால் மையம் முன்னோக்கித் தள்ளப்படும். அப்போது சுமை சரியலாம். வண்டி முன்புறமாகக் குப்புறச் சாயவும் கூடும்.

எடையும் வேகமும்

4 டன் எடையுள்ள வண்டி 2 டன் சுமையுடன் மணிக்கு 10 கிமீ வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் மொத்த நிறை 6000 கிலோ. இயக்க ஆற்றல் ஏறத்தாழ 23,000 ஜூல். 1200 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 22 கிமீ வேகத்தில் செல்லும்போது கொண்டிருக்கும் ஆற்றலும் இதுவே. ஓட்டுநர் ஒருவரைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி எடுத்துக்கொண்டால், அந்த ஒரு வினாடியிலேயே வண்டி 2.8 மீட்டர் கடந்துவிடும். அதன்பிறகே வேகம் குறையத் தொடங்கும். கிடங்கின் இரு அடுக்குகளுக்கு இடையில் இருந்து ஒருவர் திடீரென வெளிவந்தால், இந்த இடைவெளி கிடைப்பதில்லை.

விபத்துகளின் வகைகள்

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் (நியோஷ்) தொகுத்த தரவுகளின்படி, 1980 முதல் 1994 வரை அந்நாட்டில் 1,021 தொழிலாளர்கள் ஃபோர்க்லிஃப்ட் தொடர்பான விபத்துகளில் உயிரிழந்தனர். அவற்றுள் முதல் நான்கு வகைகள் பின்வருமாறு:

- வண்டி கவிழ்தல்: 22 விழுக்காடு
- நடந்து செல்பவர் மீது வண்டி மோதுதல்: 20 விழுக்காடு
- வண்டியால் நசுக்கப்படுதல்: 16 விழுக்காடு
- வண்டியில் இருந்து விழுதல்: 9 விழுக்காடு

இறப்பவர்களில் பலர் வண்டி ஓட்டுபவர்கள் அல்லர் என்பது இதில் கவனிக்க வேண்டியது. 2011 முதல் 2017 வரையிலான ஆண்டுகளில் அமெரிக்காவில் இவ்வகை விபத்துகளில் 614 பேர் இறந்ததாக அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரச் செயலகம் தெரிவிக்கிறது.

கவிழ்தல்: வண்டி சாயும்போது வெளியே குதித்துவிட வேண்டும் என்பதே மனிதரின் இயல்பான தூண்டுதல். ஆனால் வண்டி கவிழும் வேகத்தை விட வேகமாக ஒருவரால் விலகிச் செல்ல முடிவதில்லை. குதித்தவர் தரையில் விழுவதும், ஓட்டுநரின் தலைக்கு மேல் உள்ள பாதுகாப்புக் கூரையின் சட்டம் அவர் மீது விழுவதும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. எலிப்பொறியின் கம்பி மூடுவது போன்றது இது. மேலே விழும் பொருள்களில் இருந்து காக்க வைக்கப்பட்ட கூரையே, இருக்கையை விட்டு வெளியே வந்தவருக்கு எமனாகிறது.

மோதுதல்: சுமை உயரமாக இருந்தால் ஓட்டுநரின் முன்பார்வை மறைகிறது. மாஸ்ட்டின் சட்டங்களும் பார்வையின் ஒரு பகுதியை மறைக்கின்றன. மின்கல வண்டிகள் ஓசையின்றி வருவதால் நடப்பவருக்கும் தெரிவதில்லை. குறுக்குச்சந்துகள், கதவுகள், சரக்கு ஏற்றுமிடங்கள் ஆகியவற்றில் இவ்விபத்துகள் மிகுதியாக நேர்கின்றன. கால் மீது சக்கரம் ஏறி எலும்பு நொறுங்குதலும் தசை கிழிதலும் இறப்பில் முடியாத காயங்களில் அடிக்கடி காணப்படுபவை.

விழுதல்: உயர அடுக்கில் உள்ள பெட்டியை எடுக்க, ஒருவரை வெறும் கரத்தின் மீதோ பேலட்டின் மீதோ நிற்கவைத்துத் தூக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. "இரண்டு நிமிட வேலைதானே" என்று செய்யப்படும் இது மிகவும் ஆபத்தானது. பேலட் கரத்தோடு பிணைக்கப்படவில்லை. அதன் ஓரத்தில் ஒருவர் கால் வைத்தாலே அது கவிழலாம். ஆளைத் தூக்கியே ஆகவேண்டிய இடத்தில், அதற்கென உருவாக்கப்பட்டு மாஸ்ட்டுடன் உறுதியாகப் பிணைக்கப்பட்ட, கைப்பிடிக் கம்பிகள் கொண்ட கூண்டையே பயன்படுத்த வேண்டும்.

சரக்கேற்றும் மேடையில் நேர்பவை: லாரியின் உள்ளே ஃபோர்க்லிஃப்ட் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் லாரி சிறிது சிறிதாக முன்னோக்கி நகரக்கூடும். சக்கரங்களுக்குக் கட்டை வைக்கப்படாவிட்டால் மேடைக்கும் லாரிக்கும் இடையே இடைவெளி விழுந்து, வண்டி ஓட்டுநருடன் கீழே இறங்கிவிடும். வண்டி உள்ளே இருக்கும்போதே லாரி ஓட்டுநர் புறப்பட்டுவிடுவதும் நிகழ்ந்துள்ளது.

புகையும் மின்கலமும்: எரிவாயு அல்லது பெட்ரோலில் இயங்கும் வண்டிகள் மூடிய கிடங்கில் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகின்றன. இவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் எனத் தொடங்கி உயிரிழப்பு வரை செல்லலாம். ஈய-அமில மின்கலங்களுக்கு மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. எனவே மின்னேற்றும் இடத்தில் காற்றோட்டம் தேவை. தீப்பொறியும் புகைபிடித்தலும் கூடாது.

ஒரு விபத்தின் ஆய்வு

நியோஷ் வெளியிட்ட எச்சரிக்கை ஆவணத்தில் 1996 செப்டம்பரில் நேர்ந்த ஒரு மரணம் விளக்கப்பட்டுள்ளது. இறந்தவர் 43 வயதானவர். விளம்பரப் பலகை செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைவர். லாரியில் வந்த எஃகுக் குழாய்களை அவரே ஃபோர்க்லிஃப்டைக் கொண்டு இறக்கிக்கொண்டிருந்தார். 3 விழுக்காடு சரிவு கொண்ட சிமெண்டு பாதையில் மணிக்கு ஏறத்தாழ 8 கிமீ வேகத்தில் சென்று லாரியின் பின்புறமாகத் திரும்பினார். வண்டி பக்கவாட்டில் சாயத் தொடங்கியது. அவர் இருக்கையில் இருந்து குதித்தார். வண்டியின் மேற்கூரைச் சட்டம் அவருடைய தலையையும் கழுத்தையும் தரையோடு அழுத்தியது.

வண்டியைச் சோதித்தபோது மூன்று குறைகள் தெரியவந்தன. பின் அச்சு அளவுக்கு மேல் அசையாமல் தடுக்கும் வலப்பக்கத் தடுப்பு, விபத்துக்கு முன்பே சேதமடைந்திருந்தது. திருப்புச் சக்கரத்தை அரைச்சுற்றுக்குச் சற்று மேல் சுற்றிய பிறகே வண்டியின் சக்கரங்கள் திரும்பத் தொடங்கின. இருக்கைப் பட்டை பொருத்தப்படவே இல்லை.

இந்நிகழ்வில் சரிவு மிகக் குறைவு. வேகமும் ஒரு மனிதர் ஓடும் வேகத்தைத் தாண்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு குறை. அவை ஒரே திருப்பத்தில் ஒன்றுசேர்ந்தபோது உயிர் போயிற்று. பின் அச்சின் தடுப்பு நன்றாக இருந்திருந்தால் பக்கவாட்டு அசைவு கட்டுப்பட்டிருக்கும். பட்டை இருந்திருந்தால் அவர் இருக்கையிலேயே இருந்திருக்கக்கூடும். பணியாளர் மட்டுமல்லாமல் முதலாளியும் இதே ஆபத்துக்கு உட்பட்டவர் என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

காரணங்கள்

விபத்து நடந்ததும் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதி முடிப்பது எளிது. அதன் பின்னால் உள்ள காரணங்களையும் தேட வேண்டும்.

- பயிற்சியின்மை: கார் அல்லது லாரி ஓட்டத் தெரிந்தவர் இதையும் ஓட்டிவிடுவார் என்ற எண்ணம்.
- சாவியை வண்டியிலேயே விட்டுச் செல்லுதல்: உதவியாளர், சுமைதூக்குபவர், லாரி கிளீனர் என யாரும் எடுத்து ஓட்டும் நிலை.
- இட அமைப்பு: நடைபாதையும் வண்டிப்பாதையும் ஒன்றாக இருத்தல், மங்கலான ஒளி, எண்ணெய் சிந்திய தரை, குண்டும் குழியுமான முற்றம்.
- பராமரிப்பின்மை: பிரேக், ஹாரன், சங்கிலி, டயர் ஆகியவற்றில் உள்ள குறைகளைத் தெரிந்தே ஓட்டுதல்.
- அவசரம்: ஒரு ஷிப்டுக்குள் இத்தனை லாரிகளை அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடி.
- ஒப்பந்தப் பணியாளர்கள்: அடிக்கடி மாறும் ஆட்களுக்கு அந்த இடத்தின் பாதைகளும் விதிகளும் சொல்லித்தரப்படாமை.

தடுப்பு முறைகள்

பணியிடத்தில் செய்ய வேண்டியவை

மனிதரையும் வண்டியையும் பிரித்துவைப்பதே மிகச் சிறந்த தடுப்பு. தரையில் மஞ்சள் கோடு போடுவது முதல் படி. ஆனால் கோடு வண்டியை நிறுத்தாது. எனவே உறுதியான இரும்புத் தடுப்புகள், நடப்பவருக்கெனத் தனிக் கதவுகள், குறிக்கப்பட்ட கடப்பிடங்கள் ஆகியவை தேவை. திருப்பங்களில் குவி ஆடிகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, வண்டி வருமுன் தரையில் நீல ஒளிப்புள்ளி விழச்செய்யும் விளக்கு ஆகியவை கூடுதல் உதவி தரும். அடுக்குகளின் கால்களைச் சுற்றி மோதல் தடுப்பான்கள் அமைக்க வேண்டும். ஒரு காலில் மோதினால் அடுக்கு முழுவதும் சரியக்கூடும்.

ஓட்டுநர் கடைப்பிடிக்க வேண்டியவை

- ஷிப்டு தொடங்கும் முன் பிரேக், ஹாரன், விளக்கு, டயர், கரங்கள், சங்கிலி, எண்ணெய்க் கசிவு, இருக்கைப் பட்டை ஆகியவற்றைச் சோதித்தல். குறை இருந்தால் வண்டியை எடுக்காமல் எழுத்தில் தெரிவித்தல்.
- இருக்கைப் பட்டையை எப்போதும் அணிதல்.
- கரங்களைத் தரையில் இருந்து ஏறத்தாழ 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், மாஸ்ட்டைப் பின்னோக்கிச் சாய்த்துச் செல்லுதல்.
- சுமை பார்வையை மறைத்தால், சரிவில் ஏறும் நேரம் தவிர, பின்னோக்கி ஓட்டுதல்.
- சரிவில் சுமையுடன் ஏறும்போது முன்னோக்கியும், இறங்கும்போது பின்னோக்கியும் செல்லுதல். சுமை எப்போதும் மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும். வெற்று வண்டியில் இது தலைகீழாகும்: கரங்கள் பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும். சரிவில் வண்டியைத் திருப்பக் கூடாது.
- உயர்த்திய கரங்களுக்குக் கீழே எவரையும் நிற்கவோ நடக்கவோ விடாதிருத்தல்.
- வேறு எவரையும் வண்டியில் ஏற்றாதிருத்தல்.
- இறங்கும்போது கரங்களைத் தரை வரை தாழ்த்தி, கைப்பிரேக் இட்டு, சாவியை எடுத்துக்கொள்ளுதல்.

உட்கார்ந்து ஓட்டும் வண்டி கவிழத் தொடங்கினால் குதிக்கக் கூடாது. திருப்புச் சக்கரத்தை இறுகப் பற்றி, கால்களைத் தரையில் ஊன்றி, வண்டி விழும் திசைக்கு எதிர்த்திசையில் உடலைச் சாய்த்து உள்ளேயே இருக்க வேண்டும். பின்புறம் திறந்த, நின்றுகொண்டே ஓட்டும் வண்டிகளுக்கு மட்டும் இவ்விதி வேறுபடும். அவற்றில் பின்புறமாக இறங்கி விலகுமாறு கற்பிக்கப்படுகிறது.

நடப்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை

ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, அவர் தன்னைக் கண்டுகொண்டதை உறுதிசெய்த பிறகே வண்டியின் பாதையைக் கடக்க வேண்டும். வண்டியின் பின்புறத்திலும், வண்டிக்கும் சுவருக்கும் இடையிலும் நிற்கக் கூடாது. சரியும் சுமையைக் கையால் தாங்க முயலக் கூடாது. அதேபோல, சாயும் வண்டியைச் சமன்செய்ய அதன் பின்புறத்தில் ஆட்களை ஏற்றி நிறுத்துவதும் கூடாது.

பயிற்சியும் சட்டமும்

அமெரிக்கா

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிர்வாகம் (ஓஷா) இவ்வண்டிகளை ஏழு வகுப்புகளாகப் பிரிக்கிறது. மின்சாரத்தால் இயங்கும் வண்டிகள், குறுகிய இடைவழிக்கான வண்டிகள், கைப்பிடி வண்டிகள், எரிபொருள் வண்டிகள், இழுவை வண்டிகள், கரடுமுரடான நிலத்துக்கான வண்டிகள் என அவை அமைகின்றன. 1998 டிசம்பரில் வெளியிடப்பட்டு 1999 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, வகுப்புப் பாடம், செய்முறைப் பயிற்சி, பணியிடத்தில் மதிப்பீடு ஆகிய மூன்றும் முடித்தவரே வண்டியை இயக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் அவருடைய திறன் மீண்டும் மதிப்பிடப்பட வேண்டும். விபத்தோ, நூலிழையில் தப்பிய நிகழ்வோ நேர்ந்தால் மறுபயிற்சி கட்டாயம். வேளாண்மை அல்லாத தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதை அந்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது.

ஐரோப்பா

பிரித்தானியாவில் 1998-ஆம் ஆண்டின் பணிக்கருவிகள் விதிகளும் தூக்கும் கருவிகள் விதிகளும் ஃபோர்க்லிஃப்டுக்குப் பொருந்தும். ஜெர்மனியில் 2000-இல் எடுக்கப்பட்ட "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கிளவுஸ்: முதல் வேலைநாள்" என்னும் பொருள்படும் குறும்படம், பழைய பாதுகாப்புப் பயிற்சிப் படங்களை நையாண்டி செய்யும் இருண்ட நகைச்சுவைப் படமாகும். மிகைப்படுத்தப்பட்ட குருதிக் காட்சிகள் கொண்டதால் அது சிறுவருக்கு ஏற்றதன்று.

இந்தியா

தமிழ்நாட்டில் சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்கள், திருப்பெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதித் தொழிற்சாலைகள், நெடுஞ்சாலையோரக் கிடங்குகள் எனப் பல இடங்களில் இவ்வண்டிகள் ஓடுகின்றன. இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 7ஏ பிரிவு, பாதுகாப்பான இயந்திரங்களையும் வேலைமுறையையும், தேவையான தகவல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றையும் அளிக்கும் கடமையைத் தொழிற்சாலையை நடத்துபவர் மீது வைத்தது. 88-ஆம் பிரிவு, உயிரிழப்பையோ 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய இயலாத காயத்தையோ அதிகாரிகளுக்குத் தெரிவிக்கக் கட்டளையிட்டது. 111ஏ பிரிவு, தம் பாதுகாப்புத் தொடர்பான தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளருக்கு வழங்கியது. துறைமுகப் பணிகளுக்குக் கப்பல்துறைத் தொழிலாளர் (பாதுகாப்பு, உடல்நலம், நலவாழ்வு) சட்டம், 1986 உருவாக்கப்பட்டது. இவ்விரு சட்டங்களும் 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைகள் தொகுப்பில் ஒருங்கிணைக்கப்பட்டுள்ளன.

இழப்பீடு

தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) உள்ளவருக்குப் பணியின்போது காயம் ஏற்பட்டால் மருத்துவமும், வேலை செய்ய இயலாத காலத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு உதவித்தொகையும் உண்டு. இறந்தால் சார்ந்தோருக்கு உதவித்தொகை வழங்கப்படும். இத்திட்டத்தில் வராதவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 வகைசெய்தது. இறப்புக்கு மாத ஊதியத்தில் 50 விழுக்காட்டையும், முழு நிரந்தர ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் வயதுக்கேற்ற காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படும். இதே அடிப்படை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது.

இங்கு பலர் அறியாத ஒன்று உண்டு. தொழிலாளி சற்றுக் கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டுமே இழப்பீட்டை மறுக்கப் போதுமான காரணமாகாது. மது அருந்தியிருத்தல், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய நிலைகளில் இழப்பீடு மறுக்கப்படலாம். ஆயினும் விபத்து மரணத்திலோ முழு நிரந்தர ஊனத்திலோ முடிந்திருந்தால் இந்த விலக்குகளும் பொருந்தா. "உங்கள் பிள்ளையின் தவறுதான்" என்று சொல்லி அனுப்பப்படும் குடும்பங்கள் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

விபத்து நேர்ந்தவுடன்

வண்டியின் இயக்கத்தை நிறுத்தி, வேறு எவரும் ஆபத்துப் பகுதிக்குள் செல்லாமல் தடுக்க வேண்டும். 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். சிக்கியவரை இழுத்து எடுக்க முயல்வதும், தாங்கல் இல்லாமல் வண்டியை நிமிர்த்த முயல்வதும் கேட்டைப் பெருக்கலாம். வெளியே குருதி தெரியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நசுங்கிய காயங்களில் உள்ளுறுப்புகளில் கசிவு இருந்தும் வெளியே ஏதும் தெரியாமல் இருக்கலாம். எனவே "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து நிற்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். விபத்து நடந்த இடத்தின் நிலை, வண்டியின் எண், சாட்சிகளின் பெயர், நேரம் ஆகியவற்றை அன்றே பதிவுசெய்வது பின்னர் ஆய்வுக்கும் இழப்பீட்டுக்கும் உதவும்.